‘நின்று படிக்கிறார்’ என்று நான் எழுதிய வீடு

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. காலை 5.35க்கு எழுந்தேன். இரவு மழை பெய்திருந்ததால் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. 6.50க்குச் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் வந்தார். அரைக் கிலோ சூடை வாங்கினேன். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பத்திரிகை. 9.30க்கு, சொன்ன நேரத்துக்குச் சரியாக, டிலக்ஷி வந்தார்.

நான் ஓய்வுபெற்ற சிறுவர் பராமரிப்புப் பணிமனையில் டிலக்ஷி இப்போது உத்தியோகத்தர். ஆண்டிறுதியில் பணிமனை ஒரு சிறப்பிதழ் வெளியிடுகிறது. அதற்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்கத்தான் வந்திருந்தார். வந்தவர் கையோடு புதிய படிவத்தையும் காட்டினார். எங்கள் காலத்தில் நாங்கள் பதினான்கு கேள்விகளைப் பேனையால் நிரப்பினோம். இவர்கள் ஒரு கண்ணாடிப் பலகையை விரலால் தொடுகிறார்கள். ‘பிள்ளை வசிக்கும் நிலை’ என்ற இடத்தைத் தொட்டால் மூன்று வரிகள் வருகின்றன: பெற்றோருடன் இருத்தல், உறவினருடன் இருத்தல், பிறர் வீட்டில் நிற்றல். மூன்றாவதைத் தொட்டதும் அந்த இடம் சிவப்பாகி, மேலும் இரண்டு கேள்விகள் திறக்கின்றன.

அந்த இரண்டு கேள்விகளையும் விளக்கும் பயிற்சித் தாள் ஒன்றையும் டிலக்ஷி தந்தார். அதன் தலைப்பு: ‘மலர் மிஸ்ஸின் இரண்டு கேள்விகள்’.

“இதை நீங்கள்தானே மிஸ் கண்டுபிடிச்சது? பயிற்சியில முதல் நாளே இதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை.”

தேத்தண்ணி ஆறுகிறது, குடியும் என்றேன். அவர் போன பிறகு அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தேன். என் பெயர் அச்சில் நன்றாக இருந்தது. சிறப்பிதழுக்குக் கேட்ட கட்டுரையில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடச் சேவையில் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் கொழும்பில் சட்டம் படித்தேன், ஒரு வருடம் மூதூரில் வேலை பழகினேன். உண்மையான பயிற்சி கனகரத்தினம் சேர் எங்கள் பணிமனைக்குப் பொறுப்பாக வந்த பிறகுதான் தொடங்கியது.

சேர் ஒரு அறிக்கையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பார். முடிவை முதலில் பார்த்துவிட்டு, அந்த முடிவுக்கு வர உங்களுக்கு என்ன உரிமை இருந்தது என்று ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு போவார். கையில் எப்போதும் ஒரு பென்சில். பிழை கண்டால் ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டுக் கோப்பைத் திருப்பித் தந்துவிடுவார். விளக்கம் சொல்ல மாட்டார். அந்தச் சொல் ஏன் பிழை என்று நாங்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குப் போகும் முறையை அவர்தான் எங்களுக்குப் பழக்கினார். முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் போக வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அப்போது என்ன செய்கிறது என்று தெரியும். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஆனால் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீரை யார் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு மூன்று பொருட்கள்: பிள்ளையின் பல்துலக்கி எங்கே இருக்கிறது, பாய் எங்கே இருக்கிறது, பள்ளிக்கூடக் கொப்பி எங்கே இருக்கிறது. பல்துலக்கி மற்றவர்களுடையதோடு ஒரே குவளையில் இருந்தால் நல்லது. சமையல் நடக்கிற குசினியின் யன்னலில் தனியாக இருந்தால் மீண்டும் ஒரு தரம் போக வேண்டும்.

இந்த முறையில் நான்தான் முதல் ஆள். என் படிவத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. போன நேரம், திரும்பிய நேரம், வானிலை எல்லாம் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சேர் என் கோப்பைத்தான் மாதிரியாகக் கொடுப்பார். ஆனால் ஒரு விடயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சேரின் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. அதன்மேல் எப்போதும் கோப்புகள் அடுக்கியிருக்கும். பதினொரு வருடமாக அந்த மேசைக்கு முன்னால் நான் நின்றுகொண்டேதான் பேசினேன்.

2010இல் கிண்ணியாவிலிருந்து நஸ்ரினா வேலைக்கு வந்தார். முதல் வாரமே தன் அறிக்கையோடு சேரின் அறைக்குப் போனார். சேர் எழுந்து, தன் கையாலேயே கோப்புகளைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, “இருங்கோ பிள்ளை” என்றார். கதவு திறந்திருந்ததால் என் மேசையிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

நஸ்ரினாவின் எழுத்து வலப்பக்கம் சரிந்து விழும். திகதி போட மறந்துவிடுவார். அவருடைய படிவங்களில் வடை எண்ணெய் இருக்கும். என் முகத்தைக் கண்டதும் தானே முந்திக்கொள்வார்: “மிஸ்ட எழுத்தப் பாத்தா கோர்ட்டே எழும்பி நிக்கும். என்டயப் பாத்தா நாய்கூடத் திரும்பாது.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் பிள்ளைகள் அவரோடு கதைத்தன. நான் ஒரு மணித்தியாலம் கேட்டும் வாய் திறக்காத பிள்ளை, அவர் குசினிப் படியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு எதையோ கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்தத் திறமையை அவர் எங்கே படித்தார் என்று கண்டுபிடிக்க நான் அவருடைய அறிக்கைகளை இரகசியமாக வாசித்திருக்கிறேன். அதில் எதுவும் இல்லை. எழுத்துப்பிழைகள்தான் இருந்தன.

2013 தொடக்கத்தில் உப்புவெளியில் ஒரு விடுதி மண்டபத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. நடத்தியவர் ஹெயிட்டி என்ற தீவு நாட்டில் பல வருடம் வேலை செய்த ஒரு பெண். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அடிமைகளாக இருந்தவர்களே எழுந்து, தங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரரை விரட்டி உருவாக்கிய நாடு அது என்று சொன்னார். அப்படிப்பட்ட நாட்டிலும் கிராமத்து ஏழைகள் தங்கள் பிள்ளைகளைப் பட்டணத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். படிப்பிப்பார்கள் என்று நம்பித்தான் அனுப்புகிறார்கள். பிள்ளை விடிய முன் எழுந்து தண்ணீர் சுமக்கும், சமைக்கும், வீட்டுக்காரரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பி வரும். அந்தப் பிள்ளைகளை அங்கே ‘ரெஸ்தாவெக்’ என்கிறார்கள். “கூட நிற்பவர்” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அந்தச் சொல் இப்போது அங்கே ஒரு வசவாகிவிட்டது என்றும் பயிற்சி தந்த பெண் சொன்னார்.

நான் அதைப் பயிற்சிக் கொப்பியில் எழுதி, சொல்லின் கீழ் அடிக்கோடும் போட்டேன். பக்கத்தில் இருந்த நஸ்ரினா தாளில் பூ வரைந்துகொண்டிருந்தார். பூவை முடிக்காமல் கையை உயர்த்தினார்.

“அந்தச் சொல்லு எங்கட்டயும் இருக்கு. ‘வீட்டில நிக்கிற புள்ள’ எண்டுதானே நாமளும் சொல்ற. வீட்டுப் புள்ள ‘இருக்கிறன்’ எண்டு சொல்லும். வேலைக்கு வந்த புள்ள ‘நிக்கிறன்’ எண்டு சொல்லும்.”

மாமா வீட்டுக்கு லீவில் போகிற பிள்ளையும் ‘நிற்கிறது’ என்றுதானே சொல்லுவோம் என்று நான் கேட்டேன். “ஓம் மிஸ், அதாலதான் ஒருத்தரும் கண்டுபிடிக்கிறதில்ல” என்றார். முன்வரிசையில் இருந்த சேர் திரும்பி அவரைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை என் எந்தக் கோப்பும் பெற்றதில்லை. அந்தச் சொல்லை என் படிவங்களில் நான் எத்தனையோ தரம் எழுதியிருந்தேன். கையில் இருந்த சொல்லை நான் காணவில்லை, அவர் கண்டார்.

இனி அந்த வீடு.

2013 செப்டம்பர் 17, பகல் 2.10. உட்துறைமுக வீதியில், துறைமுகத்து நீர் தெரியும் மாடி வீடு. வீட்டுக்கார அம்மா நன்றாகப் படித்தவர். அங்கே சுகந்தி என்று பதினொரு வயதுப் பிள்ளை. போரில் சம்பூரை விட்டு வந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் முகாமில் இருந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகள். தூரத்துச் சொந்தம், எங்களோடு நின்று படிக்கிறாள், என் பிள்ளை மாதிரி என்று அம்மா சொன்னார். நான் தண்ணீர் கேட்டேன். அம்மாவின் சொந்த மகளே கொண்டுவந்தார். பல்துலக்கி ஐந்தும் ஒரே குவளையில் இருந்தன. பாய் மகளின் அறையில் சுருட்டி இருந்தது. கொப்பிகள் அடுக்கி, உறை போட்டு, பெயர் ஒட்டி இருந்தன. அந்தப் பெயர்த்தாளின் நேர்த்தியைப் பார்த்து எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசியாகப் பிள்ளையிடம் கேட்டேன்: “நீர் இங்க நிக்கிறது சந்தோசமோ?”

“ஓம் மிஸ். நிக்கிறன்.”

கேள்வியையும் மறுமொழியையும் படிவத்தில் அப்படியே பதிந்து, அடியில் ‘பிள்ளை உறவினர் வீட்டில் நின்று படிக்கிறார். குறைகள் இல்லை’ என்று எழுதினேன். சேர் கீழிருந்து மேலாக வாசித்தார். எங்கும் கோடு போடவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை நஸ்ரினாவிடம் சுகந்தி வகுப்புக்கு வருவதே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நஸ்ரினா என்னிடம் கேட்காமலே அந்த வீட்டுக்குப் போனார். 2014 பெப்ரவரி 11 காலை 10.40க்குத் தன் அறிக்கையை என் மேசையில் வைத்தார். மூத்த உத்தியோகத்தர் என்ற முறையில் எல்லா அறிக்கைகளிலும் நான் அன்றே சிற்றொப்பம் இட்டுச் சேருக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்றரைப் பக்கம். சரிந்த எழுத்து. குசினிப் படியில் பக்கத்தில் இருந்து அவர் பிள்ளையிடம் கேட்டது இரண்டே கேள்விகள். முதலாவது, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. பிள்ளை விரல் மடக்கிச் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருந்தார்: “ஐயா இருக்கிறார். அம்மா இருக்கிறா. அக்கா இருக்கிறா. தம்பி இருக்கிறார். ஜிம்மி இருக்கு.” ஜிம்மி நாய். நீ என்று நஸ்ரினா கேட்டதற்கு, “நான் நிக்கிறன்” என்று பதில்.

இரண்டாவது கேள்வி, பசித்தால் யாரிடம் கேட்பாய் என்பது. “கேக்கிறேல்ல மிஸ். எல்லாரும் முடிஞ்சாப் பிறகு தருவினம்.”

கீழே இன்னொரு வரி. கொப்பிகளின் கடைசியாக எழுதிய பக்கத்தை நஸ்ரினா திறந்து பார்த்திருந்தார். எல்லாம் 2013 ஜூன் 6ஆம் திகதியோடு நின்றுபோயிருந்தன. நான் செப்டம்பரில் போனபோது அந்தக் கொப்பிகளைக் கையில் எடுத்தேன். பெயர்த்தாளைப் பார்த்தேன். திகதியைப் பார்க்கவில்லை. பதினைந்து வயதிலிருந்து ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிற எனக்கு, திகதி பார்க்கத் தோன்றவில்லை.

அறிக்கையில் என் பெயர் எங்கும் இல்லை. என் செப்டம்பர் அறிக்கை பிழை என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கோபித்திருக்கலாம். அந்த அறிக்கை சேரின் மேசைக்குப் போவதையும், அவர் கதிரையிலிருந்து கோப்புகளைத் தூக்கி வைப்பதையும், “இருங்கோ பிள்ளை” என்பதையும் என்னால் கண்ணை மூடாமலே பார்க்க முடிந்தது. அறிக்கையில் திகதி இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மேசையின் இரண்டாவது லாச்சியை வெளியே இழுத்து, அறிக்கையை உள்ளே வைத்துத் தள்ளி மூடினேன்.

அன்றைய நாட்குறிப்பில், நான் பஸ் ஏறிய நேரத்துக்குக் கீழே, ‘விசேடம் இல்லை’ என்று இருக்கிறது.

13ஆம் திகதி நஸ்ரினா வந்து கேட்டார். எழுத்து விளங்கவில்லை, திகதியும் இல்லை என்றேன். அவர் வழக்கம்போல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“திகதிய நீங்க போடுங்க மிஸ். எழுத்து வடிவில்லாட்டி எனக்கு ஏசுங்க. புள்ள அங்க நிக்கிது.”

பார்ப்போம் என்றேன். அவர் எனக்கு மேலால் சேரிடம் போயிருக்கலாம். மூத்தவரை மதிக்க வேண்டும் என்று போகவில்லை. அந்த மரியாதையும் எனக்கு வசதியாக இருந்தது.

16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டுக்கு விருந்தாட்கள் வந்திருந்தார்கள். பெரிய பானைச் சோற்றுக்குச் சுகந்தி தனியாகக் கஞ்சி வடித்தாள். பானை சரிந்தது. இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. வீட்டுக்காரர் பற்பசை பூசி, துணியால் கட்டி, விருந்தாட்கள் போகும்வரை பின் அறையில் விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. 19ஆம் திகதி காலை நஸ்ரினா தானாகவே மறுபடி அந்த வீட்டுக்குப் போனதால்தான் அது எங்களுக்குத் தெரிந்தது.

அன்று 11.20க்குச் சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். லாச்சியிலிருந்த அறிக்கையை நானே எடுத்துக்கொண்டு போனேன். சேர் கடைசி வரியிலிருந்து வாசித்தார். மேலே வந்ததும் பென்சில் நின்றது.

“இதில திகதி இல்லை. இது எப்ப உங்கட மேசைக்கு வந்தது?”

அவர் கேட்டது என்னிடம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். முந்தாநாள் என்றும் சொல்லியிருக்கலாம். நஸ்ரினாவின் திகதி மறதி பணிமனை முழுக்கத் தெரிந்த விடயம். நான் சொல்லுவதுதான் நிற்கும். நஸ்ரினா என்னைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே மதிலோரம் நின்ற, எங்கள் நகரத்தில் வழக்கமாகத் திரிகிற மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பொய் சொல்லவும் அவர் தயாராக இருந்தார் என்று அப்போது எனக்குப் பட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அந்தப் பெருந்தன்மையையும் அவருக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“பதினோராம் திகதி சேர். பத்து நாற்பதுக்கு. லாச்சியில வச்சிருந்தனான்.”

சேர் எழுந்து, கதிரையிலிருந்த கோப்புகளைத் தூக்கிக் கீழே வைத்தார்.

“மலர், இருங்கோ.”

பதினொரு வருடமாக நான் காத்திருந்த சொல் அது. என் கால் மடங்கவில்லை. அவர் இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் இருந்தேன். என் செப்டம்பர் அறிக்கையையும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். ‘நின்று’ என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். அன்று மட்டும் விளக்கமும் சொன்னார்.

“பதினாலு கேள்விக்கும் மறுமொழி இருக்கு. இந்தச் சொல்லைப் பிள்ளை சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்கள். பிள்ளை திருப்பிச் சொன்னது.”

அன்று பிற்பகலே நீதிமன்றக் கட்டளை பெற்றுப் பெண் பொலிஸ் ஒருவரோடு போனோம். வீட்டுக்கார அம்மா வாசலில் என்னைக் கண்டதும் ஆறுதலடைந்தார். “மிஸ், நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் வந்து பார்த்து எழுதினனீங்கள்தானே” என்றார். பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன வான் வண்டியில் சுகந்தி நஸ்ரினாவின் அபாயா நுனியை நல்ல கையால் பிடித்தபடி இருந்தாள். நான் எதிரே இருந்தேன். ஒரு பிள்ளையின் வெந்த கையைப் பார்த்துக்கொண்டு, அது என்னுடைய எட்டு நாட்கள் என்று தெரிந்துகொண்டும், அந்த மற்றக் கை என் சேலையைப் பிடிக்கவில்லையே என்று எனக்கு எரிந்தது. வெட்கமான விடயம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

அடுத்த நாள் முதல் அறிக்கைகள் என் மேசைக்கு வராமல் நேரே சேரிடம் போயின. அதைத் தவிர அவர் என்னைத் தண்டிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நஸ்ரினாவின் இரண்டு கேள்விகளையும் மற்ற உத்தியோகத்தர்களுக்குப் புரியும்படி எழுதித் தரச் சொன்னார். என் எழுத்து வடிவு என்பதால் என்னிடம் தந்தார். நான் மிக நன்றாக எழுதினேன். அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நஸ்ரினாவின் பெயரைத் தாளில் எங்கும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானே எழுதாமல் விட்டேன். அந்தத் தாள் பிரதிக்கு மேல் பிரதியாகிப் போய், பதினொரு வருடத்தில் தலைப்பில் என் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

சேர் இப்போது இல்லை. நஸ்ரினா வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறார். அந்தத் தாளை அவரும் கண்டிருப்பார். ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. சுகந்தி பின்னர் தாயிடமே திரும்பிப் போனாள், படித்தாள், இப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நஸ்ரினாவுக்கு அழைப்பெடுத்து வாழ்த்துச் சொல்கிறாளாம். போன வருடம் நஸ்ரினாவே இதைச் சொன்னார். நான் சந்தோசம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் எந்த வேலையிலும் மனம் போகவில்லை. பொறாமை வயதோடு ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிலக்ஷி போன அன்று பிற்பகல் 2014ஆம் ஆண்டு நாட்குறிப்பை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ‘விசேடம் இல்லை’. எழுதியதைப் பின்னால் திருத்துவது என் வழக்கம் இல்லை. அந்த வரி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 5, புதன்கிழமை. 5.35க்கு எழுந்தேன். கேத்தலை அடுப்பில் வைக்க முன்னர், டிலக்ஷி தந்த தாளை மேசையில் விரித்தேன். தலைப்பில் இருந்த என் பெயரை அடிமட்டம் வைத்து ஒரு கோட்டால் வெட்டினேன். மேலே ‘நஸ்ரினா மிஸ்ஸின்’ என்று எழுதினேன். எழுத்து வடிவாகத்தான் வந்தது. கீழே திகதி போட்டேன்.